மலை வீட்டில் அருங்காட்சியகம்: முதலில் பதிவேடு, அப்புறம்தான் கண்ணாடிப் பெட்டி

கேள்வி: கோத்தகிரி அருகே எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய பங்களா இருக்கிறது. தாத்தா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பொருட்கள் அதில் பூட்டிக் கிடக்கின்றன: சில வெண்கலச் சிலைகள், ஓலைச்சுவடிகள், பழைய நாணயங்கள், இரண்டு தஞ்சாவூர் ஓவியங்கள், நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூத்துக்குளி (பூவேலை செய்த போர்வை), சுவரில் ஒரு காட்டெருமைத் தலை, ஒரு பழைய துப்பாக்கி, ஏகப்பட்ட பித்தளைச் சாமான். இவற்றை வைத்து இந்திய வரலாறு, பண்பாடு பற்றிய ஒரு தனியார் அருங்காட்சியகம் தொடங்க ஆசை. அரசு அனுமதி வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது? டிக்கெட் எவ்வளவு வைக்கலாம்?

பதில்:

அருங்காட்சியகம் என்று வாசலில் பலகை மாட்டுவதற்கு நம் நாட்டில் தனி லைசென்ஸ் எதுவும் கிடையாது. சட்டம் பார்ப்பது உள்ளே இருக்கும் பொருட்களையும், அந்தக் கட்டடத்தையும்தான். அதனால் உங்கள் ஒரு கேள்விக்குள் ஏழெட்டுக் கேள்விகள் இருக்கின்றன. நீங்கள் சொன்ன பட்டியலில் பாதிக்கு ஆளுக்கொரு சட்டம் உண்டு.

சிலைகளில் தொடங்குவோம். தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972-ல் வந்தது, 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நூறு வருடம் நிறைந்த சிற்பம், ஓவியம், நாணயம், கல்வெட்டு போன்றவை அதன்படி தொல்பொருள். சுவடி, ஆவணம் என்றால் 75 வருடம் போதும். தொல்பொருளைத் தனியார் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் கல், சுடுமண், உலோகம், தந்தம் ஆகியவற்றில் செய்த சிற்பங்களையும், ஓவியங்களையும், ஓவியம் தீட்டிய சுவடிகளையும் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் படத்தோடு விண்ணப்பித்துப் பதிவு செய்தாக வேண்டும். நாணயத்துக்கும் வெறும் எழுத்து மட்டும் உள்ள ஓலைச்சுவடிக்கும் இந்தக் கட்டாயப் பதிவு இல்லை. பதிவு இல்லை என்பதால் இஷ்டத்துக்கு என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைத்துவிடாதீர்கள். தொல்பொருள் எதுவானாலும் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. துபாயில் இருக்கும் மாமா பையனுக்கு ஆசையாக ஒரு சோழர் காசைக் கொடுத்தனுப்பினாலும் சட்டப்படி அது கடத்தல்தான். வாங்கி விற்கும் தொழிலுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். அருங்காட்சியகத்தில் ஒரு மூலையில் பழம்பொருள் கடை போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

பதிவுக்குப் போகும்போது முதலில் வரும் கேள்வி, இது உங்களிடம் எப்படி வந்தது என்பது. "தாத்தா வைத்திருந்தார்" என்பது பாதி பதில்தான். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-ல் வாங்கிய சிலை அது. அத்தனை பெரிய நிறுவனம், விற்றவர் கொடுத்த போலி ஆவணங்களை நம்பியது. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல பத்தாண்டுகளாகக் கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்த படங்கள் இருந்ததால் திருட்டு வெளிச்சத்துக்கு வந்தது. 2014-ல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. தமிழ்நாடு காவல்துறையில் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு என்று 1983 முதல் ஒரு பிரிவே இருக்கிறது. ஆகவே தாத்தாவின் பழைய டைரி, கடிதம், கடை ரசீது, பின்னணியில் அந்தச் சிலை தெரிகிற குடும்பப் புகைப்படம் என எது கிடைத்தாலும் சிலையைவிட ஜாக்கிரதையாக எடுத்து வையுங்கள். எந்தக் கோயிலில் இருந்தாவது வந்திருக்குமோ என்று சந்தேகம் தட்டினால், காட்சிக்கு வைக்கும் முன்பே ஒரு வக்கீலுடன் போய் எழுத்து மூலம் துறைக்குத் தெரிவித்துவிடுங்கள். நீங்களாகப் போய்ச் சொல்வது வேறு, அவர்கள் வந்து கேட்பது வேறு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த மலையின் பங்களாக்களில் நான் பார்த்த "சோழர் காலச் சிலைகள்" பல சுவாமிமலையில் நம் காலத்தில் வார்த்தவை. உங்களுடையதும் அப்படியே இருந்தால் வருத்தப்படாதீர்கள். நிம்மதியாக, "20-ஆம் நூற்றாண்டு, சுவாமிமலை ஸ்தபதிகளின் வேலை" என்று எழுதி வையுங்கள். மெழுகில் உருவம் பிடித்து, மண் பூசி, உருக்கி ஊற்றும் அந்த முறை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதே பார்க்க வருகிறவருக்கு நல்ல செய்தி.

காட்டெருமைத் தலைக்கு வருகிறேன். மலை வீடுகளில் பலரும் மாட்டிக்கொள்வது இதில்தான். காட்டெருமை, புலி, சிறுத்தை, மான் கொம்பு, யானைத் தந்தம் எல்லாமே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். மைசூர் வான் இங்கன் நிறுவனத்தில் பாடம் செய்த தலை, வெள்ளைக்காரத் துரை காலத்தில் சுட்டது, முத்திரைகூட இருக்கிறது என்றெல்லாம் சொல்லலாம். வனத்துறையின் உரிமைச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் அந்தப் பேச்சு எடுபடாது. சான்றிதழ் இல்லாமல் வைத்திருந்தவர்கள் அறிவித்துப் பெற்றுக்கொள்ள 2003-ல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். தாத்தா அப்போது விண்ணப்பித்தாரா என்று காகிதங்களில் தேடுங்கள். சான்றிதழ் இருந்தாலும் விற்கக் கூடாது. இல்லையென்றால் மாவட்ட வன அலுவலரிடம் பேசுவதே வழி. என்னைக் கேட்டால், சான்றிதழ் இருந்தாலும் அந்தத் தலையைக் காட்சியில் வைக்க மாட்டேன். வருகிற பிள்ளைகள் அதனருகில் நின்று செல்ஃபி எடுப்பார்கள், வேறெதையும் பார்க்க மாட்டார்கள். துப்பாக்கி விஷயம் சுருக்கமானது: அது வேலை செய்கிறதோ இல்லையோ, காவல் நிலையத்தில் கேட்காமல் சுவரில் மாட்டாதீர்கள்.

கட்டடத்துக்கு உள்ளாட்சி அனுமதி வேண்டும், ஏனென்றால் வீடாக இருந்த இடத்தை ஊரார் வந்துபோகும் இடமாக மாற்றுகிறீர்கள். நீலகிரியில் மலைப்பகுதிக் கட்டட விதிகள் கடுமை என்பது உங்களுக்கே தெரியும். புதிதாக ஒரு ஹால் கட்டுவதைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம். இருக்கிற பங்களாவையே சரிசெய்யுங்கள். அதிலும் சுண்ணாம்புச் சாந்துச் சுவராக இருந்தால் மேலே சிமெண்ட் பூச விடாதீர்கள். சுவருக்குள் போகும் ஈரம் வெளியே வர வழி இல்லாமல் உள்பக்கம் கசியும், ஒரே மழைக்காலத்தில் ஓவியம் மாட்டிய இடத்தில் கறை படியும்.

சரி, சட்டம் போதும். இந்திய வரலாறு, பண்பாடு என்ற உங்கள் திட்டத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கருத்து இருக்கிறது. அது நல்ல ஆசை, ஆனால் அந்த அகலத்தில் ஒரு வீட்டு அருங்காட்சியகம் தாங்காது. ஹரப்பா முத்திரையின் நகல், மொகலாய ஓவியத்தின் பிரிண்ட், அசோகர் தூணின் பிளாஸ்டர் வடிவம், நாலு நாணயம், இரண்டு சிலை என்று வரிசையாக வைத்தால் பள்ளிக்கூடக் கண்காட்சி மாதிரி ஆகிவிடும். வெண்கலச் சிலையைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போவார். 1851-ல் தொடங்கிய இடம், அதனோடு நாம் போட்டி போட முடியாது. போடவும் வேண்டாம்.

நிலைத்து நின்ற தனியார் அருங்காட்சியகங்களைப் பாருங்கள். எல்லாமே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு ஆழமாகப் போனவை. அகமதாபாத்தில் 1949-ல் சாராபாய் குடும்பம் தொடங்கிய காலிகோ அருங்காட்சியகம் துணிகளுக்கு மட்டும். அதே ஊரில் வேசார் என்ற இடம் முழுக்க வீட்டுப் பாத்திரங்கள்: குடம், சொம்பு, பாக்குவெட்டி. புனேயின் கேல்கர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். சிறு வயதில் இறந்துபோன மகன் ராஜாவின் நினைவாக, விளக்கு, பூட்டு, கதவு, தாயக்கட்டை என்று மக்கள் புழங்கிய பொருட்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார். சேர்ந்தது ஏறக்குறைய இருபதாயிரம் பொருள். காட்சியில் இருப்பது அதில் ஒரு சிறு பகுதிதான். 1975-ல் அத்தனையையும் மகாராஷ்டிர அரசுக்கே கொடுத்துவிட்டார். நம் பக்கத்தில் முட்டுக்காடு தட்சிணசித்ரா இருக்கிறது. 1996-ல் திறந்தார்கள், தென்னிந்திய வீடுகளையே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வீடும் கைத்தொழிலும்தான் அங்கே பேச்சு, ராஜாக்கள் இல்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய தமிழ்ப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம் என்று பிறர் எடைக்குப் போட்டதையெல்லாம் வாங்கி வைத்தார். 1992-ல் அவர் காலமானபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. ஆனால் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே வைத்து, 1994-ல் ஆராய்ச்சி நூலகமாக்க உதவியது. இன்று தமிழ் அச்சு வரலாறு எழுதும் யாரும் அங்கே போகாமல் எழுத முடியாது. நோட்டீசும் பத்திரிகையும் வரலாறு என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருந்தது.

அப்படியானால் கோத்தகிரி வீடு எதைப் பிடித்துக்கொள்ளலாம்? இந்த மலையைத்தான். மலையைப் பிடித்தால் இந்தியா தானாக உள்ளே வரும். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனின் தளபதி புணிசன் தோடர்களை அஞ்ச வைத்தான் என்று 1117-ஆம் ஆண்டின் சாம்ராஜ்நகர் கல்வெட்டு சொல்கிறது. கர்நாடகமும் கொங்கும் மலபாரும் முட்டிக்கொள்ளும் மூலை இது. பிறகு சின்கோனா. மலேரியாவுக்கு மருந்தாகிற அந்த மரத்தின் விதையையும் கன்றையும் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து 1860-களில் இங்கே நட்டார்கள். நடுவட்டத்தில் தொழிற்சாலை வந்தது, தபால் ஆபீசில் கொய்னா பொட்டலம் விற்றார்கள். அந்தப் பொட்டலம் ஒன்று உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் கிடைத்தால், பிரிட்டிஷ் ஆட்சி காய்ச்சலைத் தாண்டி எப்படிக் காட்டுக்குள் போனது என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம்.

இன்னும் கிட்டத்தில் வாருங்கள். 1964-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கைத் தோட்டங்களில் மூன்று நாலு தலைமுறையாக இருந்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்டது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தவர்கள் ஏராளம். டேன்டீ என்கிற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களே அவர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கியவைதான். கோத்தகிரி, கூடலூர் பக்கம் இன்றும் அந்தக் குடும்பங்களில் தகர டிரங்குப் பெட்டி, குடும்ப அட்டை, கண்டியில் எடுத்த ஸ்டூடியோ போட்டோ இருக்கிறது. பெரிய அருங்காட்சியகங்கள் எதுவும் இவற்றைத் தேடி வந்ததாக எனக்குத் தெரியவில்லை. இன்னும் பத்து இருபது வருடத்தில் பெட்டி பழைய இரும்புக்குப் போகும், போட்டோ செல்லரித்துப் போகும். தாத்தாவின் சோழர் காசைவிட அந்த டிரங்குப் பெட்டிதான் உங்கள் அருங்காட்சியகத்தின் முதல் பொருளாக இருக்க வேண்டும் என்பேன்.

இதே கணக்கில் ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். 1960-ல் தொடங்கிய அரசு நிறுவனம். "இந்து" பிலிம் சுருளும் எக்ஸ்ரே பிலிமும் இங்கிருந்துதான் நாடெங்கும் போயின. இப்போது மூடிக் கிடக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்கள் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறார்கள், அடையாள அட்டையும் சீருடையும் பரணில் இருக்கும். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, குன்னூர் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட், 1899-ல் குன்னூர் வரைக்கும் 1908-ல் ஊட்டி வரைக்கும் ஓடத் தொடங்கிய மலை ரயில் எல்லாவற்றிலும் வீட்டுக்கு வீடு பொருள் கிடக்கிறது. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இந்த மலையின் மிகப் பழைய பொருட்கள் ஏற்கனவே மலையை விட்டு இறங்கிவிட்டன என்பதையும் மறக்காதீர்கள். நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் 1870-களின் தொடக்கத்தில் மேடுகளில் இருந்த கல்வட்டங்களையும் ஈமக் குழிகளையும் தோண்டினார். அவர் 1872-ல் இறந்தார், அவர் எழுதிய நூலை மனைவி 1873-ல் வெளியிட்டார். அவர் எடுத்த மண்தாழிகள், எருமையும் வேறு விலங்குகளும் மூடியில் நிற்கும் ஜாடிகள், வெண்கலக் கிண்ணங்கள் எழும்பூருக்குப் போயின. இதே மாதிரி நீலகிரி மட்பாண்டங்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கின்றன. அந்த ஜாடிகளை ஒரு முறை நேரில் பாருங்கள். மாவட்டத்தையே பெருமைப்பட வைக்கும் வேலை. அதே சமயம், உங்கள் எஸ்டேட்டில் அந்த மாதிரி ஒரு கல்வட்டம் இருந்தால் கடப்பாரையை எடுக்காதீர்கள். பூமிக்குள் இருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். இன்னும் அது அமலில் இருக்கிறது. தவிர, தோண்டி எடுத்த ஜாடி வெறும் ஜாடி. எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் போனால் அதன் பேச்சு நின்றுவிடும். பானகுடி சோலை போன்ற இடங்களில் கற்திட்டைகள் (கற்பலகைகளை நிறுத்தி அமைத்த பழங்காலச் சின்னங்கள்) இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன. அவை அங்கே கும்பிடும் மக்களுடைய கோயில், நம் காட்சிப்பொருள் அல்ல.

மலையில் ஒரு தனியார் நிறுவனம் எப்படி நூறு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கொடைக்கானல் செண்பகனூர் போய்ப் பாருங்கள். 1895-ல் இயேசு சபையார் அங்கே ஒரு கல்லூரி தொடங்கினார்கள். பூச்சி, பறவை, பாம்பு என்று இயற்கை வரலாற்றுக்காக ஆரம்பித்த சேகரிப்போடு பழனி மலைக் கற்திட்டைகளில் கிடைத்த பானைகளும் சேர்ந்தன. அங்கிருந்த பாதிரியார் ஆங்கிலாட், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து அந்தக் கற்திட்டைகளை அளந்து எழுதியதை 1928-ல் இந்தியத் தொல்லியல் துறையே வெளியிட்டது. சேர்த்ததோடு நிற்காமல் எழுதியும் வைத்தார்கள், அதனால்தான் அந்தப் பானைகளுக்கு இன்றும் ஊர் பெயர் இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்திலேயே கன்னேரிமுக்கு சல்லிவன் நினைவகமும், ஊட்டி முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகமும் இருக்கின்றன. இரண்டையும் பார்த்துவிட்டு, அங்கே ஏற்கனவே நன்றாகச் சொன்ன கதையை விட்டுவிட்டு மிச்சத்தை எடுங்கள்.

இப்போது பதிவேடு. கண்ணாடிப் பெட்டி, ஸ்பாட் லைட், திறப்பு விழா எல்லாவற்றுக்கும் முன் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண். 2025.1, 2025.2 என்று வந்த வருடத்தோடு வைத்தால் போதும். என்ன பொருள், எதனால் ஆனது, அளவு, எடை, எங்கே உடைந்திருக்கிறது, யாரிடமிருந்து எப்போது வந்தது, எதை வைத்து அப்படிச் சொல்கிறோம், இப்போது எந்த அறையில் எந்த அலமாரியில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து நாலு பக்கமும் படம். கெட்டி அட்டை நோட்டில் பேனாவால் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று. எண்ணைப் பொருளின் மேல் ஸ்டிக்கராக ஒட்டாதீர்கள், கோந்து கறை போகாது. துணி என்றால் சின்ன நாடாவில் எழுதி ஓரத்தில் தைத்துவிடலாம். உலோகத்துக்கும் கல்லுக்கும் நூலில் கட்டிய சீட்டு போதும். பாட்டியோ, பங்களாவில் வேலை பார்த்த பெரியவரோ இருந்தால் ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டி, அவர்கள் சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். "இது உங்க தாத்தா கல்யாணத்துக்கு கோவை மாமா கொடுத்த குத்துவிளக்கு" என்ற ஒரு வரி கிடைத்தால், விளக்குக்கு ஊரும் வருடமும் கிடைத்துவிட்டது. இந்த வேலைக்குக் குறைந்தது ஒரு வருடம் ஆகும். பரவாயில்லை. பதிவு அலுவலர், வக்கீல், இன்சூரன்ஸ்காரர், பின்னாளில் வரும் ஆராய்ச்சியாளர், சொத்தில் பங்கு கேட்கும் சித்தப்பா எல்லோருக்கும் இந்த ஒரு நோட்டுதான் பதில்.

அடுத்து, மலையில் அருங்காட்சியகம் நடத்துகிறவருக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயம்: ஈரம். மேற்கே அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும், 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. உங்கள் கிழக்குச் சரிவுக்கு அக்டோபர், நவம்பர்தான் கஷ்டகாலம். நடுவில் மூடுபனி. காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் வந்தே தீரும். தோல், துணி, காகிதம், ஓவியத்தின் பின்பலகை என்று எதையும் விடாது. ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அறைக்கு ஒன்று வைத்து ஒரு வருடம் முழுக்க எழுதுங்கள். எந்த அறை காய்ந்த அறை என்று தெரிந்த பிறகே எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்யலாம். பெரும்பாலும் வடக்குப் பக்க அறையும், மேட்டை ஒட்டிய சுவரும் ஆகாது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், காற்று போகட்டும். ஓலையும் துணியும் இருக்கும் ஒரே ஒரு அறைக்காவது காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் வாங்குங்கள். பெட்டிக்குள் சிலிகா ஜெல், நிறம் மாறினால் காயவைத்து மறுபடி போடலாம்.

இதில் ஒரு தப்பை எல்லோரும் செய்கிறார்கள். ஈரமாக இருக்கிறதே என்று சாயங்காலம் கணப்பு மூட்டுவார்கள், அல்லது ஹீட்டர் போடுவார்கள். ராத்திரி அணைத்ததும் மறுபடி குளிர், மறுபடி ஈரம். மரப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணமும் கோந்தும் பூசி, தங்க ரேக்கு பதித்த தஞ்சாவூர் ஓவியத்துக்கு இந்த ஏற்ற இறக்கம்தான் எமன். பலகை ஒரு பக்கம் இழுக்கும், பூச்சு ஒரு பக்கம் இழுக்கும், கல் பதித்த இடம் உப்பி உதிரும். நிலையாக 60 சதவீதம் இருப்பது, காலையில் 80 மாலையில் 40 என்று ஆடுவதைவிட எவ்வளவோ மேல். கணப்பு உள்ள அறையில் அந்த ஓவியங்கள் வேண்டாம். தூசி தட்ட மெல்லிய பிரஷ் போதும், ஈரத்துணி கூடவே கூடாது.

வெளிச்சமும் அப்படித்தான். இந்த உயரத்தில் வெயிலில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிட அதிகம். பூத்துக்குளியின் சிவப்பு நூல் ஜன்னலோரம் இருந்தால் சில வருடத்தில் வெளுத்துவிடும். துணிக்கும் நீர்வண்ண ஓவியத்துக்கும் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம் என்பது உலகெங்கும் உள்ள கணக்கு. பார்ப்பவருக்கு முதலில் அரை இருட்டாகத் தெரியும், கண் பழகிவிடும். எல்.இ.டி. விளக்கு, தடித்த திரை, பூத்துக்குளியை மடிப்பு இல்லாமல் விரித்தோ உருளையில் சுற்றியோ வைப்பது, நாலு மாதம் காட்சி, மிச்ச நாள் ஓய்வு. இவ்வளவு செய்தால் போதும்.

வெண்கலத்தையும் பித்தளையையும் புளி போட்டுத் தேய்க்க வீட்டில் யாருக்காவது கை அரிக்கும். தடுத்து நிறுத்துங்கள். பல வருடம் படிந்த மேல்நிறம்தான் அதன் வயதுக்குச் சாட்சி. வெளிர்ப்பச்சையாகப் பொடி உதிர்ந்தால் மட்டும் அது நோய். உலர்ந்த பெட்டியில் தனியாக வைத்துவிட்டு, எழும்பூர் அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு வேதியியல் பிரிவில் யோசனை கேளுங்கள். அன்றாடம் புழங்கிய சமையல் பாத்திரங்களுக்கு நான் இவ்வளவு கறாராக இருக்க மாட்டேன், அவை பளபளத்தால்தான் அழகு.

ஓலைச்சுவடிக்கு தஞ்சை சரசுவதி மகாலில் வழிவழியாகச் செய்வது நல்ல முறை: வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கற்பூரம் பொடித்து துணியில் முடிந்து கட்டுப் பக்கத்தில் வைப்பது. இராமபாணப் பூச்சி அண்டாது. காய்ந்து முறியும் ஓலைக்கு புல்தைலம் தடவுவார்கள், ஆனால் அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. வீட்டில் நீலகிரித் தைலம் பாட்டில் பாட்டிலாக இருக்கிறதே என்று அதை எடுத்துத் தடவாதீர்கள். சுவடியில் என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரியாவிட்டால் படமெடுத்து, சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ உ.வே.சா. நூலகத்துக்கோ காட்டுங்கள். வைத்தியமாகவோ ஜாதகமாகவோ நிலக்கணக்காகவோ இருக்கலாம். நிலக்கணக்காக இருந்தால் குதியுங்கள், வரலாற்றுக்கு அதுதான் வேண்டும்.

பூத்துக்குளி பற்றி இன்னொன்று. தோடர் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நூல் இழையை எண்ணியே போடுகிறார்கள், வரைந்த மாதிரி எதுவும் கிடையாது. அந்தப் பெண்கள் பக்கத்து மந்துகளில் (தோடர் குடியிருப்புகளில்) இன்றும் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை அழைத்து உங்களிடம் உள்ளதைக் காட்டுங்கள். எந்த வேலைப்பாடு, எந்தச் சடங்குக்கு உடுத்துவது, எதைப் பிறர் பார்க்க வைக்கக் கூடாது என்று அவர்கள் சொல்வதுதான் லேபிளில் வர வேண்டும். கோத்தர்களின் இரும்பு வேலைக்கும், குரும்பர் ஓவியத்துக்கும், ஹட்டி என்கிற படுகர் ஊர்களில் கிடைக்கும் வீட்டுப் பொருளுக்கும் இதே வழிதான். வைக்க வேண்டாம் என்றால் வைக்காதீர்கள், திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பழங்குடி உடை போட்ட பொம்மையைக் கண்ணாடிக்குள் நிறுத்தும் பழக்கத்தை மட்டும் நீங்கள் தொடராமல் இருந்தால் பெரிய உபகாரம். பெயரும் முகமும் உள்ள மனிதர்கள் சந்தையில் நம் பக்கத்தில் நின்று காய்கறி வாங்குகிறார்கள்.

நிர்வாகத்துக்கு ஒரு டிரஸ்ட் பதிவு செய்யுங்கள். பொருட்களை அதன் பேருக்கு எழுதி வைத்தால் பாகப் பிரிவினையில் சிதறாது. வருமான வரித்துறையில் அதற்குரிய பதிவுகளை வாங்கினால் நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை. மத்திய கலாச்சார அமைச்சகம் அருங்காட்சியகங்களுக்கு நிதி உதவி தருகிறது, பதிவு பெற்ற அமைப்புகள் விண்ணப்பிக்கலாம். ஒருவேளை உங்களுக்குப் பின் நடத்த ஆள் இல்லாவிட்டால் பொருட்கள் எந்த நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்பதையும் டிரஸ்ட் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். கேல்கர் உயிரோடு இருக்கும்போதே செய்த காரியம் அது.

டிக்கெட். முதல் வருடம் டிக்கெட் வருமானத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், கரண்ட் பில்லுக்கே வராது. ஊட்டிக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வந்துவிட்டது, வருகிற கூட்டமும் பூங்கா, தொட்டபெட்டா என்று ஓடும். கோத்தகிரிக்குத் தேடி வருகிறவர் குறைவு, வருகிறவர் நின்று பார்ப்பார். சனி, ஞாயிறு மட்டும், முன்பதிவு செய்து, ஒரு வேளைக்குப் பதினைந்து பேர் என்று வையுங்கள். காலிகோவே முன்பதிவு இல்லாமல் யாரையும் விடுவதில்லை. வெளியூர்க்காரருக்கு நூறு ரூபாய் அதிகமில்லை. உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பொருள் கொடுத்த குடும்பங்களுக்கும் இலவசம். கனமழை வாரங்களில் மூடிவிடுங்கள், ஈரக் குடையும் ஈர ஷூவுமாக இருபது பேர் உள்ளே வந்தால் அந்த அறையின் மீட்டர் அன்றைக்கே எகிறிவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டாம், முப்பது பொருள் போதும். லேபிள் தமிழில் முதலில், ஆங்கிலத்தில் அடுத்து, ஐந்தாறு வரிக்கு மேல் போகாமல். எழுத்து அளவு மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடியை வண்டியிலேயே விட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள்.